தெரிந்த கோப்புகளின் பட்டியல்

அந்த ஹார்ட் டிஸ்க்கை அவர் படங்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் முரட்டுத் துணி அது. மழையும் தேயிலைச் சாயமும் ஏறி விறைத்துப்போயிருக்கும். என் அம்மாவும் அதைக் கட்டியவள் என்பதால் பிரிப்பதற்கு முன்பே வாசனை எனக்குத் தெரிந்தது. கொம்பியூட்டரின் பெட்டி இல்லை, கழற்றி எடுத்த டிஸ்க் மட்டும். கழற்றிய ஆணிகளைக்கூட யாரோ கவனமாக ஒரு கடதாசியில் மடித்துக் கொடுத்திருந்தார்கள்.

“இதுக்குள்ள எம் மகளோட பாஸ்போட் இருக்குன்னு சொன்னாங்க தம்பி. எடுத்துத் தர முடியுங்களா?”

ஹட்டன் டவுனில் ஒரு சிறிய கொம்பியூட்டர் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது மூன்று வருஷம். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகக் கடந்தவன் நான் ஒருவன்தான். அப்பாவும் அம்மாவும் தோட்டத்து ஒபீஸில் எதற்கும் பெருவிரல் வைப்பவர்கள். அதனாலோ என்னவோ, செய்வதை ஒழுங்காகச் செய்ய வேண்டும், ஒருவரும் நம்மைக் குறை சொல்லிவிடக் கூடாது என்ற பதற்றம் எனக்கு எப்போதும் இருந்தது. ஆணி ஒன்று மிச்சமானாலும் மெஷினைத் திரும்பக் கழற்றுவேன்.

அவரை உட்காரச் சொன்னேன். அவர் நின்றுகொண்டே சொன்னார்.

மகள் இதே டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் இரண்டு வருஷம் வேலை செய்திருக்கிறாள். டெலிபோன், பேக்ஸ், டைப்பிங், எல்லாம். பிறகு வீட்டு வேலைக்குக் குவைத் போனாள். ஏழு மாதம் கடிதமும் பேச்சும் ஒழுங்காக வந்தன. அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேலாக ஒன்றுமே இல்லை. அனுப்பிவைத்த ஏஜண்டும் ஊரில் இல்லை, அவளுடைய பத்திரங்கள் எல்லாம் அவனோடு போய்விட்டன. இவர் கொழும்பில், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களைப் பதியும் ஓர் அலுவலகத்துக்கு மகளுடைய பிறப்புச் சான்றிதழை எடுத்துப் போயிருக்கிறார்.

“அப்படி ஒரு பொண்ணு நாட்டை விட்டுப் போகவே இல்லைன்னுட்டாங்க தம்பி. கொம்பியூட்டர்ல பாத்துட்டுத்தான் சொன்னாங்க. நான் கட்டுநாயக்கா ஏர்போட் வரைக்கும் போயி ஏத்திவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு கையக் காட்டுனா. அவ போகவே இல்லைன்னா, அன்னிக்கு நான் யாருக்குக் கையக் காட்டுனேன்?”

அவர் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக் கேட்டார்.

பாஸ்போட் நம்பரையோ கொப்பியையோ மாதக் கடைசிக்குள் கொண்டுவந்தால் தேடிப் பார்க்கலாம், இல்லாவிட்டால் விண்ணப்பத்தை மூடிவிடுவோம் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். போவதற்கு முன் அவள் பாஸ்போட்டைக் கடைக் கொம்பியூட்டரில் ஸ்கேன் பண்ணி வைத்ததாகக் கூட வேலை செய்த பெண் சொன்னாளாம். ஆனால் அதற்குள் டெலிபோன் கம்பி வழியாக இடி இறங்கி, அந்தக் கடைக்காரர் கடையையே மூடிவிட்டார். மகளைத் தேடிக்கொண்டு போனவரிடம் இந்த டிஸ்க்கைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார்.

மெஷினில் மாட்டியதும் டிஸ்க் சுற்றியது. சுற்றும்போது உள்ளே ‘டக்… டக்…’ என்று, யாரோ கதவைத் தட்டிவிட்டு நிறுத்தி நிறுத்திக் கேட்பதுபோல ஒரு சத்தம். ரொம்ப நாள் தாங்காது என்று தெரிந்தது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, அதன் பெயர் என்ன என்று எழுதியிருக்கும் பகுதி சிதைந்திருந்தது. கிடைப்பதை எல்லாம் துண்டு துண்டாக மீட்டுத் தரும் ஒரு புரோகிராம் என்னிடம் இருந்தது. அதை இரண்டு நாள் ஓடவிட்டேன். பதினோராயிரத்துச் சொச்சம் கோப்புகள் வந்தன. ஒன்றுக்கும் பெயர் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கங்கள் மட்டும். மூன்றாம் நாள் டிஸ்க் தட்டுவதை நிறுத்திவிட்டது. அதோடு அது முடிந்தது.

முதலாளி கினிகத்தேனைக்காரர், சிங்களவர். எங்களோடு தமிழில்தான் பேசுவார், என்னைக் கூப்பிடுவது மட்டும் சிங்களத்தில், தம்பி என்பதற்கு மல்லி என்று. என் தோளுக்கு மேலால் திரையை எட்டிப் பார்த்தார்.

“மல்லி, இது எல்லாத்தையும் ஒண்ணொண்ணா தொறந்து பாத்தா ஒனக்குக் கல்யாண வயசு போயிரும். பாவம், அந்த மனுசனுக்கு முடியாதுன்னு சொல்லு.”

“முடியும் முதலாளி. கொம்பியூட்டரோட சொந்த ஃபைல்கள மொதல்ல ஒதுக்கிரலாம். மிச்சம் இருக்கிறதுதான் ஆளுங்களோடது.”

“எது எதுன்னு பேரு இல்லாம எப்பிடித் தெரியும்?”

“ரேகை பாத்து.”

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போனார்.

ரேகை என்று நான் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. ஒரு சஞ்சிகையோடு வந்த சி.டி.யில் இதைப் பற்றி இங்கிலீசில் எழுதியிருந்ததை அகராதி வைத்து நான்கு தடவை படித்திருந்தேன். ஒரு கோப்பை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்து, அதிலிருந்து முப்பத்திரண்டு எழுத்தும் இலக்கமும் கொண்ட ஒரு வரியைக் கணக்கிட்டுத் தரும் புரோகிராம்கள் உண்டு. ஹாஷ் என்பார்கள். கோப்பின் பெயரை மாற்றினாலும், இடத்தை மாற்றினாலும், அந்த வரி மாறாது. உள்ளே ஒரே ஒரு முற்றுப்புள்ளியை மாற்றினால் வரி முழுக்க வேறாகிவிடும். உலகத்தில் விற்கப்படும் மென்பொருள்களின் கோப்புகளுக்கெல்லாம் இந்த வரிகளைக் கணக்கிட்டு, ‘தெரிந்தவை’ என்று ஒரு பெரிய பட்டியல் வைத்திருக்கிறார்களாம். ஒரு கொம்பியூட்டரைச் சோதிப்பவர்கள் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு, தெரிந்ததைக் கழித்துவிட்டு, தெரியாததை மட்டும் பார்ப்பார்களாம்.

அந்தப் பட்டியலை எங்கள் டெலிபோன் இணைப்பில் இறக்க நினைத்தால் ஒரு பருவ மழை முடிந்துவிடும். எனவே நானே ஒன்று செய்துகொண்டேன். அதற்கு வசதியாக எங்களிடம் ‘தாய் டிஸ்க்’ இருந்தது. ஒவ்வொரு மெஷினுக்கும் விண்டோஸ், தமிழ் எழுத்துரு, பிரிண்டர், சவுண்ட் என்று தனித்தனியாகப் போட ஒரு முழு நாள் ஆகும். ஆகவே எல்லாம் சரியாக வேலை செய்யும் ஒரு டிஸ்க்கை வைத்துக்கொண்டு, புது மெஷின்களுக்கு அதை அப்படியே கொப்பி எடுத்துவிடுவோம். டவுனில் எல்லாக் கடைகளிலும் அதுதான் வழக்கம். இறம்பொடைப் பக்கத்துத் தோட்ட ஒபீஸ், நோர்வூட் ஸ்டூடியோ, பள்ளிக்கூடங்கள் என்று நாங்கள் கொடுத்த இருபதுக்கும் மேற்பட்ட மெஷின்கள் ஒரே டிஸ்க்கின் பிள்ளைகள். அந்தத் தாய் டிஸ்க்கில் இருந்த ஒவ்வொரு கோப்புக்கும் ரேகை எடுத்தேன். அதுவே என் ‘தெரிந்தவை’ பட்டியல். இரவல் வாங்காமல் என் கையால் செய்தது என்று எனக்குப் பெருமை.

மீட்ட கோப்புகளைப் பட்டியலோடு ஒப்பிடவிட்டேன். எங்கள் கடை டிஸ்க்கில் இடம் போதாது. அதனால் ரேகை பொருந்தியதை அங்கேயே அழித்துவிடும்படி எழுதியிருந்தேன். திரையில் எண்ணிக்கை இறங்க இறங்க எனக்கு உற்சாகமாக இருந்தது. கடைசியில் ஆயிரத்துச் சொச்சம் மிஞ்சின. அதில்தான் அந்தப் பெண் இருக்க வேண்டும்.

ஒன்பது நாள் பார்த்தேன். கடையில் வேலை ஓய்ந்த மத்தியான வேளைகளில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஆனி மாதத்து மழைக்காலம். மூன்று மணிக்கெல்லாம் பனி படிக்கட்டு வழியாக ஏறிவந்து கடை வாசலில் நிற்கும். திரையில் கல்யாணக் கார்டுகள், மரண அறிவித்தல்கள், தோட்டத்துக் கோயில் திருவிழா நோட்டீஸ்கள் வந்தன. முறைப்பாட்டுக் கடிதங்கள் பல பாதியில் நின்றன: ‘எனவே ஐயா அவர்கள் தயவுகூர்ந்து’ என்பதற்குப் பிறகு வெறும் பெட்டி பெட்டியான குறிகள். ஸ்கேன் பண்ணிய முகங்களும் இருந்தன. பலவற்றில் நெற்றியும் கண்ணும் மட்டும் வந்து, மூக்குக்குக் கீழே சாம்பல் நிறமாக இருந்தது. ஒரு படத்தில் வாயும் கழுத்துச் சங்கிலியும் மட்டும். யார் யாரென்று தெரியாத அந்தக் கண்களை நான் வரிசையாகத் திறந்து, பார்த்து, மூடினேன். மூடிய பிறகும் அவை என்னைப் பார்ப்பதுபோல இருக்கும்.

அவளுடையது ஒன்றுமே இல்லை.

அதுதான் எனக்கு விளங்கவில்லை. அத்தனையும் அவள் விரலால் அடித்தவை. இரண்டு வருஷம் அந்த மேசையில் இருந்தவள் தனக்கென்று ஒரு வரி அடித்து வைக்கவில்லையா? ஒரு படம்? நாட்டை விட்டுப் போகவே இல்லை என்று அலுவலகம் சொல்கிறது. இங்கே வேலை செய்ததற்கும் அடையாளம் இல்லை. அந்தக் கடைக்கு நானும் இரண்டொரு தடவை போயிருக்கிறேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தாள் என்பது நினைவு இருந்தது. முகத்தை நினைக்கப் பார்த்தால் திரையில் பார்த்த அரைமுகங்களில் ஏதோ ஒன்றுதான் வந்தது. அப்படி ஒருத்தி இருந்தாளா என்று எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்ததை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அவர் வந்தபோது சொன்னேன்.

“ஒண்ணும் இல்லைங்க மாமா. எல்லாத்தையும் பாத்துட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

அவர் தலையை ஆட்டினார். செத்த டிஸ்க்கைத் திரும்பப் படங்கில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். நான்காவது படிக்குப் பிறகு பனியில் அவர் தெரியவில்லை.

அதற்கு அடுத்த வாரம் கடைக்கு ஒரு டெலிபோன் கோல் வந்தது. நோர்வூட்டுக்கும் பொகவந்தலாவைக்கும் இடையில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடம். நாங்கள் மெஷின் கொடுத்த இடம். பேசியவர் அங்கே விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர், யாழ்ப்பாணத்துக்காரர்.

“தம்பி, உங்கட கொம்பியூட்டருக்குள்ள ஒரு பொம்பிளை இருக்கிறா. வந்து கூட்டிக்கொண்டு போறீங்களோ?”

“என்ன சேர்?”

“பகிடி இல்லையப்பா. வந்து பாரும்.”

சனிக்கிழமை பின்னேரம் போனேன். கொம்பியூட்டர் அறையின் நிலையில் மிளகாயும் எலுமிச்சங்காயும் கோத்துக் கட்டியிருந்தது. பிள்ளைகள் யாரும் இல்லை. ஆசிரியர் மட்டும் கம்பளிச் சட்டையோடு, மெஷினிலிருந்து இரண்டு கதிரை தள்ளி உட்கார்ந்திருந்தார். யாரோ பழைய மாணவர் கொடுத்ததென்று மேசையில் ஒரு சோடி ஸ்பீக்கர் இருந்தது. நாங்கள் கொடுத்த மெஷின்கள் ஒன்றுக்கும் ஸ்பீக்கர் கிடையாது.

“இது பூட்டி ரெண்டு கிழமை. அண்டையிலயிருந்துதான்,” என்றார் ஸ்பீக்கரைக் காட்டி. “பிள்ளையள் உள்ளுக்கு வரமாட்டினமாம். நான் விஞ்ஞானம் படிச்சனான், எனக்கு உதுகளில நம்பிக்கை இல்லை. ஆனா தனிய இருந்து மார்க்ஸ் அடிக்கேக்க அது கதைச்சா முதுகு கூசுது, தம்பி.”

“எப்ப சேர் பேசும்?”

“பிழை விட்டாத்தான். வேணுமெண்டா விட்டுப் பாரும்.”

டிஸ்கட் இல்லாத இடத்தில் டிஸ்கட்டைத் திறக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். மெஷின் கொஞ்ச நேரம் முனகியது. வெளியே தகரத்தில் மழை விட்டு, சொட்டு மட்டும் விழுந்துகொண்டிருந்தது. திரையில் பிழைப் பெட்டி வந்தது. ஸ்பீக்கரில் மூச்சு எடுக்கும் சத்தம், மிக அருகில். பிறகு ஒரு பெண்ணின் குரல்.

“கேக்குதா? நான் பேசுறது கேக்குதுங்களா?”

அவ்வளவுதான். நான் பெட்டியை மூடவில்லை. ஆசிரியர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பதில் சொல்லாதையும்,” என்றார் மெதுவாக. பிறகு தான் சொன்னதற்குத் தானே வெட்கப்பட்டுச் சிரித்தார்.

பயந்தேன்தான். ஆனால் கை வழக்கப்படி வேலை செய்தது. பிழை வந்தால் எழும் ‘டிங்’ சத்தத்துக்குப் பதிலாக நம் விருப்பப்படி வேறு சத்தம் வைக்க விண்டோஸில் வசதி உண்டு. அந்த இடத்தைத் திறந்தேன். யாரோ தன் குரலைப் பதிந்து அங்கே வைத்திருந்தார்கள். மைக் வேலை செய்கிறதா என்று பார்க்கப் பேசியது. கோப்பு இருந்த இடத்தைப் பார்த்தேன். விண்டோஸின் சொந்தக் கோப்புறைக்குள்ளே, அதன் மற்றப் பிள்ளைகளைப் போலவே பெயர் வைத்த ஒரு கோப்புறை. அதற்குள் ஒன்பது கோப்புகள் இருந்தன. குரல் ஒன்று. அம்மாவுக்கு எழுதி அனுப்பாத கடிதம் ஒன்று. சில படங்கள். கடைசி இரண்டும் ஸ்கேன்.

முதல் ஸ்கேனைத் திறந்தேன். பழைய மெஷின், படம் மேலிருந்து கீழாக மெல்ல வந்தது. இலங்கைப் பாஸ்போட். நெற்றி, கண், மூக்கு. நான் அறியாமலே சாம்பல் நிறம் வரப்போகிறதென்று காத்திருந்தேன். வரவில்லை. வாயும் நாடியும் வந்தன. முழு முகம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தவள்தான், இப்போது நன்றாக நினைவு வந்தது. தலையில் முக்காடு போட்டிருந்தாள். பக்கத்தில் இருந்த பெயர் அவளுடையதல்ல. அப்பா சொன்ன பெயருக்கும் அதற்கும் ஓர் எழுத்துக்கூடப் பொருத்தமில்லை. வயதும் ஆறு கூட.

ஏஜண்டுகள் அப்படிச் செய்வது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வயது காணாத பிள்ளைகளை வேறொரு பெயரில், வேறொருவருடைய சான்றிதழில் அனுப்பிவைப்பார்கள். தெரிந்திருந்தும் எனக்கு அது தோன்றவில்லை. அலுவலகம் பொய் சொல்லவில்லை. அப்பா சொன்ன பெயரில் ஒருத்தி போகவே இல்லைதான்.

இந்த மெஷினுக்கு இது எப்படி வந்தது? யோசித்துப் பார்த்தேன். அவள் போன கையோடு அந்தக் கொமியூனிகேஷன் கடையின் மெஷின், காற்றாடி சுற்றவில்லை என்று எங்களிடம் வந்திருந்தது. தமிழ் எழுத்துரு முதல் எல்லாம் அவ்வளவு சுத்தமாக வேலை செய்ததால், அதன் டிஸ்க்கைத்தான் நான் தாய் டிஸ்க்காகக் கொப்பி எடுத்தேன். எத்தனையோ மெஷின்களுக்கு நடுவில் அதை மறந்தே போயிருந்தேன். கொப்பியில் வாடிக்கையாளருடைய கடிதங்கள் இருக்கும் இடத்தை மட்டும் துடைத்துவிட்டு, சுத்தம் என்று நினைத்தேன். அந்தக் கடைக்காரர் வேலைக்காரப் பிள்ளைகள் மெஷினில் எதை வைத்தாலும் அழித்துவிடுவார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதனால் அவள் ஒருவரும் தேடாத இடத்தில், விண்டோஸின் வயிற்றுக்குள் வைத்திருக்கிறாள். நானும் அங்கே தேடவில்லை.

என் பட்டியல் இருந்த டிஸ்கட் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். அதைப் போட்டு, ஸ்கேன் கோப்புக்கு ரேகை எடுத்து, பட்டியலில் தேடினேன். இருந்தது. முப்பத்திரண்டும் பொருந்தியது. குரலும் இருந்தது, கடிதமும் இருந்தது. ஒன்பதும் என் ‘தெரிந்தவை’க்குள், விண்டோஸின் கடிகாரத்துக்கும் கல்குலேட்டருக்கும் நடுவில் இருந்தன. அந்தத் தட்டிக்கொண்டிருந்த டிஸ்க்கிலிருந்து அவளும் முழுசாகத்தான் மீண்டு வந்திருக்கிறாள். தெரிந்தது என்று நான்தான் அழித்திருக்கிறேன். பிறகு அவளுடைய அப்பாவிடம் எல்லாத்தையும் பார்த்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. நாங்கள் கொடுத்த மெஷின்கள் எல்லாவற்றிலும் இந்த ஒன்பது கோப்புகள் இருக்கின்றன. தோட்ட ஒபீஸ்களிலும் ஸ்டூடியோவிலும், ஒவ்வொரு பிழைக்கும் அவள் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஸ்பீக்கர் இல்லாததால் கேட்கவில்லை. எங்கள் கடை மெஷினும் அதே தாய் டிஸ்க்கின் பிள்ளைதான்; என் மேசையில், ஒன்பது நாளும் எத்தனை பிழை வந்திருக்கும்.

ஆசிரியர் பிரிண்டரில் தாள் வைத்துத் தந்தார். மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது.

அங்கிருந்து நேரே அவர்களுடைய தோட்டத்துக்குப் போனேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் அவர்களுடையது கடைசிக் காம்பரா, ஓர் அறையும் அடுப்படியும். அவர் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி அடுப்படியிலிருந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாளை நீட்டினேன். அவர் ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினார். படத்தைப் பார்த்தார்.

“எம் பிள்ளதான். எதுக்குத் தம்பி முக்காடு போட்டிருக்கா?”

“பேரையும் மாத்தியிருக்காங்க மாமா.” நான் அந்தப் பெயரை வாசித்தேன்.

“அது யாரு?”

“இவங்கதான். இந்தப் பேர்லதான் போயிருக்காங்க.”

அவர் அந்தப் பெயரை ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். நாக்கு புரளவில்லை. மனைவி கேட்டார்:

“அப்ப அங்க எம் பிள்ளய அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்புடுவாங்களா? இத்தன நாளும்?”

என் விஷயத்தைச் சொன்னேன். அந்த டிஸ்க்கில் இது இருந்தது, நான்தான் பார்க்காமல் அழித்தேன், கிடைத்தது தற்செயல் என்று. அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் இருந்தது.

“சரி. இப்ப எங்க போகணும், அதச் சொல்லுங்க,” என்றார்.

திங்கட்கிழமை காலை ரயிலில் அவரோடு நானும் கொழும்புக்குப் போனேன். அலுவலகத்தில் ஒரு சிங்கள உத்தியோகத்தர் தாளைப் பார்த்து நம்பரை மெஷினில் அடித்தார். எங்களுக்குத் திரை தெரியவில்லை, அவர் முகம்தான் தெரிந்தது. “இன்னவா,” என்றார். இருக்கிறாள் என்று அர்த்தம். அவர் சொன்னது பதிவில் இருக்கிறாள் என்பதை. அப்பா அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆறு வாரம் கழித்துச் செய்தி வந்தது. அந்த நம்பருக்கு உரியவள் வேலை செய்த வீட்டை விட்டு ஓடிவந்து, அங்கே பெண்களைத் தங்கவைக்கும் ஓர் இல்லத்தில் பல மாதமாக இருக்கிறாள். சொந்தப் பெயரை அவளும் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெயரில் ஒருவரும் வரவில்லை என்று அங்கேயும் சொல்லிவிட்டார்கள். குறித்த நாளில் பகல் இரண்டு மணிக்குப் பேச வைப்பார்கள், ஒரு நம்பர் கொடுங்கள் என்றார்கள். லயத்தில் போன் இல்லை. எங்கள் கடை நம்பரைக் கொடுத்தேன்.

அன்று முதலாளி ரேடியோவை நிறுத்திவிட்டு, கடைக் கதவைப் பாதி சாத்தினார். அவளுடைய அம்மாவும் வந்திருந்தார், ஆனால் மேசைக்குப் பக்கத்தில் வரவில்லை. பனி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மணி தாண்டி இருபது நிமிஷம் சென்று போன் அடித்தது. நான் எடுத்து, சத்தத்தைக் கேட்டதும் அவரிடம் கொடுத்தேன். பழைய போன், ரிசீவரில் பேசுவது பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும்.

“யாரு பேசுறது?” என்றார் அப்பா.

அந்தப் பக்கம் மூச்சு. பிறகு அந்தப் பெயர். பாஸ்போட்டில் இருந்த பெயர்.

அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து அதைப் பார்த்தார். மறுபடி வைத்தார். அந்தப் பக்கத்தில் யாரோ நின்று அவளை அதட்டுவது போலக் கேட்டது. பிறகு “அப்பா?” என்று சின்னதாக.

அவள்தான், சரி என்று நான் நினைத்தேன். அவர் இன்னும் நம்பவில்லை. ஒரு தடவை இல்லை என்று சொன்னார்கள், ஒரு தடவை ஒன்றும் இல்லை என்று நான் சொன்னேன், இப்போது வேறொரு பெயர் அப்பா என்கிறது. அவர் எதையும் கேட்காமல் வீட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார், பாடம் ஒப்புவிப்பதுபோல.

“நம்ம காம்பராவுக்குப் புதுத் தகரம் போட்டிருக்கு.”

“ம்.”

“பக்கத்துக் காம்பரா அத்தை அப்படியேதான் இருக்கா. வாயி கொறயல.”

“ம்.”

“கறுப்பாடு ரெண்டு குட்டி போட்டுச்சு.”

“ம்.”

“தண்ணிப் பீலிக்குப் பக்கத்துல ரெண்டு கொய்யா மரம், இந்த வருசம் ரெண்டும் நல்லாக் காச்சிருக்கு.”

அந்தப் பக்கம் ‘ம்’ வரவில்லை. லைன் அறுந்துவிட்டதென்று நான் பயந்து கையை நீட்டினேன். அவர் என் கையைத் தள்ளிவிட்டார்.

“ஒரு மரந்தானேப்பா,” என்றாள் அவள். “நீங்கதான அடுத்தத வெட்டுனீங்க. நான் சண்ட போட்டேன்ல.”

அவர் ரிசீவரின் வாயைக் கையால் மூடிக்கொண்டு, கதவோரம் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“அவதான், வா,” என்றார். “வந்து பேசு.”